வருமுன் வளர்ந்த கதை

மனிதனுடைய இன்பங்களுள் காத்திருக்கும் இன்பத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. தீபாவளியைவிடத் தீபாவளிக்கு முந்திய இரவுதான் இனியது என்று எந்தச் சிறு பிள்ளையும் சொல்லும். கைக்கு வந்துவிட்ட புத்தாடை ஓர் ஆடைதான். தையற்கடையில் இருக்கும் வரையில் அது எந்த ஆடையாகவும் இருக்கலாம். கதைகளும் இப்படித்தான். வந்துவிட்ட கதை ஒன்றே ஒன்று. வரப்போகும் கதையோ, காத்திருப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை.

இப்படிக் காத்திருந்த ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி நம் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கூட்டத்தார் தாராவித் தமிழ்ப் பிள்ளைகள். காலம் 2024ஆம் ஆண்டு மே மாதம். அவர்கள் காத்திருந்தது ஒரு விஞ்ஞானக் கற்பனைத் தொடருக்காக. சரியாகச் சொன்னால் ஒரு கிளைத்தொடருக்காக. பெரிய கதையொன்றிலிருந்து இரண்டொரு பாத்திரங்களைப் பிரித்தெடுத்து, அவர்களுக்கென்று தனியாக அமைக்கும் தொடரைக் கிளைத்தொடர் என்று சொல்லலாம் அல்லவா?

அந்தப் பெரிய கதை, நாக் அஸ்வின் இயக்கிய 'கல்கி 2898 ஏ.டி.' என்ற திரைப்படம். முதலில் 2024 ஜனவரி 12 என்றார்கள். பிறகு மே 9 என்றார்கள். கடைசியில் ஜூன் 27ஆம் தேதி வந்தது. படம் வருவதற்கு ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு முன்பே, மே 31ஆம் தேதி, அதன் கிளை வந்துவிட்டது. மரம் முளைக்கும் முன்பே கிளை காய்த்த விந்தை இது. 'புஜ்ஜியும் பைரவாவும்' என்ற அந்தச் சித்திரத் தொடரைச் செய்தவர்கள், 'சோட்டா பீம்' என்ற சிறுவனை 2008இல் தொலைக்காட்சிக்குத் தந்த ஐதராபாத் கிரீன் கோல்டு நிறுவனத்தார். பைரவா கூலிக்கு ஆள் பிடிக்கும் வீரன். புஜ்ஜி அவனுடைய வண்டி. ஆனால் வெறும் வண்டி அன்று. பேசும், சிந்திக்கும், கோபித்துக்கொள்ளும் வண்டி.

என் தாய்மாமா வீடு தாராவியில், தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. இளங்கலைத் தேர்வு எழுதி முடித்திருந்த விடுமுறை அது. அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கும்படி அத்தை பணித்தார்கள். இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டிய மேல்மாடிதான் பள்ளிக்கூடம். மே மாதத்தில் தாராவித் தமிழரில் பாதிப்பேர் நெல்லைச் சீமைக்குப் போய்விடுவார்கள். திருநெல்வேலி வண்டியிலோ நாகர்கோவில் வண்டியிலோ இடம் கிடைக்காதவர்களும், இடம் கிடைத்தாலும் பயணத்துக்குப் பணம் இல்லாதவர்களுமே எஞ்சியிருப்பார்கள். என்னிடம் வந்த பதின்மூன்று பேரும் அப்படி எஞ்சியவர்கள். ஊருக்குப் போகாத விடுமுறையில் எதிர்நோக்க அவர்களுக்கு ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது. மே 22ஆம் தேதி ஐதராபாத் ராமோஜி திரைப்பட நகரில் புஜ்ஜியை உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். அந்தக் காட்சி ஒரு கைப்பேசியில் வந்தது. அன்று முதல் மேல்மாடியில் வேறு பேச்சு இல்லை.

"அண்ணே, அந்த வண்டி நெசமாவே ஓடுமா? இல்ல, கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா?"

ஓடும். படத்துக்காக மெய்யாகவே செய்து ஓட்டிய வண்டி அது. மகிந்திரா நிறுவனத்துப் பொறியாளர்களும் கோயம்புத்தூரிலுள்ள ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். எடை 6 டன். நீளம் 6 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 3.38 மீட்டர். முன்னே இரண்டு பெரிய சக்கரங்கள்; பின்னே உருண்டை வடிவில் ஒற்றைச் சக்கரம். ஓட்டுவது மின்சாரம். கோயம்புத்தூர் என்று கேட்டதும் ஒரு சிறுவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ அது நம்ம ஊரு வண்டி" என்றான். அவன் பிறந்தது சயான் மருத்துவமனையில்; கோயம்புத்தூரைக் கண்டதே இல்லை. ஆனாலும் 'நம்ம ஊர்' என்ற சொல் எத்தனை எளிதாக வந்துவிட்டது!

அந்தப் பத்து நாட்களில் எனக்குப் புலப்பட்ட செய்தி ஒன்று உண்டு. புஜ்ஜி பேசுகிறது என்பதில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வியப்பும் இல்லை. கைப்பேசியோடு பேசிப் பழகியவர்கள் அவர்கள். கேட்டால் பதில் சொல்லும் இயந்திரம் அவர்களுக்குத் தெருக்குழாய் போல் இயல்பான பொருள். புஜ்ஜிக்குக் குரல் கொடுத்தவர் நடிகை கீர்த்தி சுரேஷ் என்பதால், அந்த வண்டிக்கு 'புஜ்ஜி அக்கா' என்று முறைவைத்தும் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் வியந்தது பின்பக்கத்து உருண்டைச் சக்கரத்தை. அது எப்படித் திரும்பும்? அச்சாணி எங்கே? மழைநாளில் சறுக்காதா? ஒரு தலைமுறை வியந்த பொருளை அடுத்த தலைமுறை வியப்பதில்லை. அது வேறொன்றைக் கண்டு வியக்கிறது. எதைக் கண்டு வியக்கிறது என்று கவனிப்பவனே அந்தத் தலைமுறைக்கு ஆசிரியனாக முடியும்.

எட்டாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "அது பறக்குமா, அண்ணே?"

கதையில் எது வேண்டுமானாலும் பறக்கும். ஆனால் அவள் கேட்டது கோயம்புத்தூரில் செய்த வண்டியைப் பற்றி. அதனால் இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வண்டியின் மோட்டார்களின் திறன் 94 கிலோவாட் என்று செய்தியில் வந்திருந்தது. 6,000 கிலோகிராம் எடையைப் பூமி ஏறத்தாழ 59,000 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. 94,000ஐ 59,000ஆல் வகுத்தால் 1.6 வருகிறது. அதாவது, வண்டியைக் கயிற்றில் கட்டி, அதன் திறன் முழுவதையும் கொண்டு நேர் மேலே இழுத்தால், ஒரு துளியும் வீணாகாவிட்டாலும், நொடிக்கு 1.6 மீட்டர்தான் உயரும். நாம் நடக்கும் வேகத்துக்குச் சற்று மேல், அவ்வளவே.

"கயிறு இல்லாமல்?" என்றாள்.

கயிறு இல்லையென்றால் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளி அந்தரத்தில் நிற்க வேண்டும். வண்டியின் நீள அகலம் முழுவதும் விசிறியாகவே இருந்தாலும் 2,000 கிலோவாட்டுக்குக் குறையாமல் வேண்டும். இருப்பதைப் போல் 21 மடங்கு. அவள் சற்று நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ 2898க்குள்ள யாராவது இந்த 21 மடங்கைக் கண்டுபிடிச்சாப் போதும். இன்னும் 874 வருஷம் இருக்கே!" என்றாள். நான் பௌதிகத்தில் பட்டம் பெறுவதற்காக எழுதிய எந்தத் தேர்விலும் இவ்வளவு நம்பிக்கையோடு ஒரு விடை முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொருவன் ஆண்டுக் கணக்கில் புகுந்தான். ஏன் 2898? மகாபாரதத்தில் தொடங்கும் தம் கதை 6,000 ஆண்டுகளைக் கடந்து முடிகிறது என்று இயக்குநர் விளக்கியிருந்தார். கலியுகம் கி.மு. 3102இல் பிறந்ததாக மரபு. 3102உம் 2898உம் சேர்ந்தால் 6000. கணக்குச் சரியாக இருக்கிறதே என்று பையன் மகிழ்ந்தான். ஆனால் கி.மு. 1க்கு அடுத்து வருவது கி.பி. 1, இடையில் பூஜ்ய ஆண்டு என்று ஒன்று இல்லை. ஆகவே உண்மையில் 5,999 ஆண்டுகளே ஆகின்றன. இதைச் சொன்னதும், "ஒரு வருஷம் எங்கண்ணே போச்சு?" என்று அவன் பதறியதை இன்றைக்கும் எண்ணிச் சிரிக்கிறேன். அந்த ஒரு வருடத்தைத் தேடி அவர்கள் இரண்டு மாலைப் பொழுதுகளைச் செலவிட்டார்கள். பஞ்சாங்கமும் வரலாறும் எண் கோடும் அவர்கள் அறியாமலே அவர்களிடம் வந்து சேர்ந்தன.

இத்தனைக்கும் தொடர் இன்னும் வரவில்லை! அதுதான் நான் சொல்ல வரும் செய்தி. விஞ்ஞானக் கற்பனையின் பயனில் பாதி, அது வருவதற்கு முன்பே விளைந்துவிடுகிறது. கிடைத்திருப்பது ஒரு சில நொடிக் காட்சி. அதை வைத்து முழுமையையும் ஊகிக்க வேண்டும். உன் ஊகத்தை இன்னொருவன் மறுப்பான். அவனுக்குக் காரணம் காட்ட வேண்டும். குறித்த நாளில் உண்மை வெளிப்படும். ஊகம் நின்றதா, விழுந்ததா என்று தெரிந்துவிடும். நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஆனால் எல்லாரும் இப்படி எண்ணவில்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து உணவுச்சாலை ஒன்றில், பழைய கல்லூரி நண்பர்கள் சிலரோடு காப்பி அருந்திக்கொண்டிருந்தேன். அவர்களும் அந்தப் படத்துக்காகக் காத்திருந்தவர்களே. ஆனால் கிளைத்தொடரை அவர்கள் ஏளனம் செய்தார்கள். "அது சின்னப் பிள்ளைகளுக்கான கார்ட்டூன், படத்துக்கு விளம்பரம். அதை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்றார் ஒருவர். "நல்ல கதையைப் பிள்ளைகளுக்கென்று இறக்கினால் தண்ணீர் கலந்த பால்தான் மிஞ்சும்" என்றார் மற்றொருவர்.

விளம்பரம் என்பதை நானும் மறுக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கு முன் அடிக்கும் பறையும் விளம்பரம்தான். அதற்காகப் பறையில் இசை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. 'இறக்கினால்' என்ற சொல்தான் என்னை உறுத்தியது. பிள்ளைகளுக்காக எழுதுவது இறங்குவதா?

இங்கிலாந்தில் 1963 நவம்பர் 23ஆம் தேதி பி.பி.சி. தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்ற தொடர் தொடங்கியது. காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் ஒரு விசித்திரக் கிழவரின் கதை. இன்று உலகெங்கும் பெரியவர்கள் அதற்கு அடியார்களாக இருக்கிறார்கள். ஆனால் அது சனிக்கிழமை மாலையில் குடும்பத்தோடு அமரும் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது. கிழவரோடு முதற்பயணம் போனவர்கள் யார் தெரியுமா? அவருடைய பேத்தியும், அவள் படித்த பள்ளியின் ஆசிரியர் இருவரும். ஆசிரியர்களில் ஒருவர் விஞ்ஞானம் கற்பிப்பவர். மற்றவர் வரலாறு கற்பிப்பவர். எதிர்காலத்துக்குப் போனால் விஞ்ஞானம், இறந்த காலத்துக்குப் போனால் வரலாறு. மரத்தின் வேரே குழந்தைகளிடம்தான் இருந்தது.

அந்த மரமும் கிளை விட்டது. 1973 முதல் 1976 வரை அந்தத் தொடரில் வந்தவர் சாரா ஜேன் என்ற பத்திரிகையாளர். 1977இல் கே-9 என்ற இயந்திர நாய் வந்தது. இருவரையும் சேர்த்து 1981இல் ஒரு கிளையை முயன்றார்கள். ஒரே ஒரு கதையோடு அது நின்றுவிட்டது. அதனால் கதை முடிந்துவிடவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2007ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சாரா ஜேனுக்கென்று பிள்ளைகள் தொடர் ஒன்று தொடங்கியது. பழைய அடியார்கள் சிலர் ஐயத்தோடும், புதிய பிள்ளைகள் ஆவலோடும் காத்திருந்தார்கள். ஐந்து பருவங்கள் நடந்த அத்தொடர், அப்பாத்திரத்தை ஏற்ற எலிசபெத் ஸ்லேடன் 2011 ஏப்ரலில் மறைந்ததால் முடிந்தது. நடுவயதைக் கடந்த ஒரு பெண், அண்டை வீட்டுப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு, தன் வீட்டு மேல்மாடியிலிருந்து வானத்துப் புதிர்களை விடுவிக்கிறாள் என்பதே அதன் கதை. தாராவி மேல்மாடிக்கு அது அந்நியக் கதையாக எனக்குத் தோன்றவில்லை.

இயந்திர நாய் என்றதும் தமிழ் வாசகர் எவருக்கும் ஜீனோ நினைவுக்கு வரும். சுஜாதா 1980களில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் வரும் நாய் அது. புத்தகம் படித்துப் படித்து மனிதனைவிட மனிதத் தன்மை பெற்றுவிடும் நாய். 'மீண்டும் ஜீனோ' என்று அதன் பெயரிலேயே அடுத்த கதையும் வந்தது. ஆங்கில இயந்திர நாய்க்கு ஒன்றுக்கு இரண்டாகக் கிளைகள் கிடைத்தன. 2009இல் அதற்கெனவே ஒரு பிள்ளைகள் தொடரும் வந்தது. நம் ஜீனோவைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று யாரும் தனியே அழைத்து வரவில்லை. எதிர்காலமாக எழுதப்பட்ட அக்கதையின் காலமும் இப்போது நமக்குப் பின்னால் போய்விட்டது.

இதைப் பற்றிச் செம்பூரில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். டிராம்பேயில் அணு ஆராய்ச்சிப் பணியில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர். செட்டா நகர் முருகன் கோயிலுக்கு வரும்போது பழக்கமானவர். எப்படி விஞ்ஞானத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். கிராமத்து நூலகத்தில் படித்த பெ. நா. அப்புஸ்வாமியின் தமிழ்ப் புத்தகங்களால் என்றார். "அணுவைப் பற்றி நான் முதலில் தமிழில் அறிந்தேன். பிறகு ஆங்கிலத்தில் படித்தபோது அது அந்நியமாகத் தோன்றவில்லை, தெரிந்தவரை வேறு சட்டையில் பார்ப்பதுபோல இருந்தது" என்றார். சற்றுப் பொறுத்து, "இப்போது தாராவிப் பிள்ளை எந்தச் சட்டையில் முதலில் பார்க்கிறது?" என்று என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியும். சொல்லத்தான் மனம் வரவில்லை.

அண்டை மொழிகளைப் பாருங்கள். வங்காளத்தில் சத்யஜித் ராய் 1961ஆம் ஆண்டிலேயே 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையில் பேராசிரியர் ஷொங்குவைப் படைத்தார். மராத்தியில் வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் 1974இல் மராத்தி விஞ்ஞானப் பரிஷத் நடத்திய கதைப் போட்டிக்கு, தம் பெயரை மறைத்து, தலைப்பெழுத்துகளைத் திருப்பிப் போட்டு, கருந்துளை பற்றி ஒரு கதை அனுப்பினார், பரிசும் பெற்றார். உலகம் அறிந்த விஞ்ஞானி, தாய்மொழியில் கதை எழுத மாணவனைப் போல் போட்டியில் கலந்துகொண்டார்! அந்தப் பரிஷத்தின் கட்டிடம் தாராவிக்கும் செம்பூருக்கும் இடையே சயான்–சுனாபட்டியில்தான் இருக்கிறது. நம்மில் பலர் அவ்வழியே நாள்தோறும் ரயிலில் போகிறோம். தமிழிலும் முயற்சி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரின் 'துளிர்' 1987 முதல் வருகிறது. ஆனால் அது தொண்ணூறு அடிச் சாலை வரையில் வந்து சேர யாராவது ஒருவர் கையில் எடுத்துவர வேண்டியிருக்கிறது.

இனி மே 31ஆம் நாளுக்கு வருகிறேன். தூர்தர்ஷனில் 1997 முதல் 2005 வரை 'சக்திமான்' ஓடியது. தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டில் எட்டிப் பார்த்தவனுக்கெல்லாம் அது இலவசம். புஜ்ஜி வந்ததோ சந்தா கட்டிப் பார்க்கும் இணையத் திரையில். எங்கள் சந்தில் அந்தச் சந்தா இருந்தது ஒரே ஒருவரிடம். வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கும் இளைஞர் அவர். கைப்பேசி அவரோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. ஆகவே பதின்மூன்று பேரும் இரவு பதினொன்றரை வரை கண்விழித்து, அந்தக் காத்திருப்பின் கடைசி மணிகளை ஏணியின் அடியில் கழித்தார்கள். அவர் வந்தார். கைப்பேசியை ஒரு செம்பில் சாய்த்து வைத்தோம். எல்லாரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு இந்தியில் பார்த்தார்கள்.

இரண்டே சிறு பகுதிகள். பைரவாவும் புஜ்ஜியும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது கதை. விரைவில் முடிந்துவிட்டது. "அவ்வளவுதானா?" என்றது ஒரு குரல். பிள்ளைகள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். ஆனாலும் பத்து நாளாக அவர்களே வளர்த்த கதைக்கு முன்னால், வந்த கதை சற்றே சிறியதாகத்தான் தெரிந்தது. இது தொடரின் குறை அன்று. காத்திருப்பவர் கட்டும் கோபுரத்தை எந்தக் கொத்தனாராலும் கட்டி முடிக்க இயலாது.

ஆனால் அக்கதையுலகில் ஒன்று அவர்களைப் பற்றிக்கொண்டது. அங்கே காசி வறண்டு கிடக்கிறது. மேலே 'காம்ப்ளெக்ஸ்' என்ற செல்வர்களின் நகரம் அந்தரத்தில் நிற்கிறது. தண்ணீரும் மரமும் அங்கேதான் உண்டு. பெருந்தொகை சேர்த்தால் உள்ளே போகலாம் என்பதே பைரவாவின் கனவு. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய தேவையே நேரவில்லை. தாராவியிலிருந்து மிட்டி ஆற்றைக் கடந்தால் பாந்திரா–குர்லா காம்ப்ளெக்ஸ். கண்ணாடி மாளிகைகள் இரவெல்லாம் மின்னும். "நமக்குத் தெரிஞ்ச காம்ப்ளெக்ஸ்தான்" என்றாள் எட்டாம் வகுப்புப் பெண். "எங்க அம்மா அங்கதான் வேலைக்குப் போறாங்க."

அடுத்த வாரம் அவள் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். அது மூன்றாம் பகுதியாம். புஜ்ஜி எங்கள் தெருவுக்கு வருகிறது. வண்டியின் அகலம் 3.38 மீட்டர், சந்தின் அகலமோ அதில் பாதிகூட இல்லை. உள்ளே வர முடியாமல் புஜ்ஜி வண்டியை விட்டுவிட்டுத் தன் மூளையை மட்டும், குழாயிலிருந்து தண்ணீர் இழுக்கும் ஒரு மோட்டாருக்குள் ஏற்றிக்கொள்கிறது. அன்று முதல் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. விடியற்காலம் எழுந்து காத்திருக்க வேண்டாம் என்பதால், சந்திலுள்ள பெண்பிள்ளைகள் எல்லாரும் நன்றாகத் தூங்கிப் பள்ளிக்கு நேரத்தோடு போகிறார்கள். அதோடு கதை முடிந்தது. நான் கேட்ட விஞ்ஞானக் கதைகளில் இதைவிடத் தேவையான இயந்திரத்தைக் கண்டதில்லை.

கதை முழுவதும் தமிழ். நெல்லைப் பேச்சு மணக்கும் தமிழ். ஆனால் எழுத்துத் தமிழ் அன்று! அவள் படிப்பது ஆங்கிலப் பள்ளியில்; பாடமாகக் கற்பவை இந்தியும் மராத்தியும். தமிழை அவள் கேட்டுத்தான் அறிவாள். ஆகவே நாகரி எழுத்தில் தமிழை எழுதியிருந்தாள். இந்தியில் இல்லாத ளகரத்தை மராத்தியிலிருந்து எடுத்துக்கொண்டாள். ழகரத்துக்கு அங்கும் வழியில்லாமல் 'மளை' என்று எழுதி, அதன் கீழே ஒரு சிறு கோடு போட்டிருந்தாள். "இது வேற சத்தம்னு தெரியும், அண்ணே. எழுத்துதான் தெரியல" என்றாள்.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். தமிழ் வளர வேண்டும் என்று நம் சங்கத்து மேடையில் எத்தனை முறை முழங்கியிருக்கிறோம்! ஒரு பெண், தன் மொழியில் விஞ்ஞானக் கதை எழுதத் துடித்து, எழுத்தில்லாமல் இரண்டு மொழிகளிலிருந்து கடன் வாங்கி, கடைசி ஒலிக்குக் கோடு கிழித்து நிற்கிறாள். தமிழ் அவளைக் கைவிட்டதா? இல்லை. அவள் தமிழைக் கைவிட்டாளா? அதுவும் இல்லை. நடுவில் நிற்க வேண்டிய ஆள்தான் இல்லை.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தேன். ஆவணி பிறப்பதற்குள் தன் கதையை அவளே தமிழில் திருப்பி எழுதிவிட்டாள். 'மழை' என்ற சொல்லை மட்டும் தேவைக்கு மேல் இரண்டு இடத்தில் சேர்த்திருந்தாள்! மற்றப் பிள்ளைகளில் நால்வர் அவளைப் பார்த்துத் தாமும் கேட்டார்கள். எழுத்தைக் கற்க அவர்களைத் தூண்டியது மொழிப்பற்று அன்று. அடுத்த பகுதியை யார் எழுதுவது என்ற போட்டி.

நண்பர்களே, நாம் அனைவரும் திரைப்படம் எடுக்கப் போவதில்லை. சித்திரத் தொடர் செய்யவும் நம்மிடம் பொருள் இல்லை. ஆயினும் பிள்ளைகள் எதற்காகவோ எப்போதும் காத்திருக்கிறார்கள். இன்று ஒரு வண்டி; நாளை ஓர் ஏவுகணை; மறுநாள் ஒரு கிரகணம். அந்தக் காத்திருப்பின் நாட்களில் அவர்கள் பக்கத்தில் விஞ்ஞானம் படித்த ஒரு தமிழ் மாணவன் உட்கார்ந்திருந்தால் போதும். ஊகத்தைக் கணக்காக மாற்றிக்கொடுக்கலாம். கணக்கைத் தமிழில் சொல்லலாம். நம் வளாகத்தில் பௌதிகம் படிப்போர் உளர். உயிரியல் படிப்போர் உளர். கணினி படிப்போருக்கோ குறைவே இல்லை. வாரத்தில் ஒரு மாலை நம்மால் முடியாதா? தாராவிக்கோ செம்பூருக்கோ போய்வர ரயில் கட்டணம் எத்தனை ரூபாய்?

இன்னொரு வேண்டுகோள் நம் மலரின் ஆசிரியர் குழுவுக்கு. ஆண்டுதோறும் நம் கவிதைகளுக்குப் பக்கங்கள் ஒதுக்குகிறீர்கள், மகிழ்ச்சி. அடுத்த மலரில் இரண்டு பக்கங்களை இந்நகரத்துத் தமிழ்ச் சிறுவர் எழுதும் விஞ்ஞானக் கதைகளுக்கு ஒதுக்கித் தாருங்கள். எழுத்துப் பிழைகளை நாம் திருத்திக்கொள்ளலாம். கதையைத் திருத்த வேண்டாம். முதற்கதை என்னிடம் ஆயத்தமாக இருக்கிறது. அதன் ஆசிரியை, எப்போது அச்சில் வரும் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.